நெட் விட்டு விட்டு வருகிறதா? ரவுட்டரை அணைக்கும் முன் இதைப் பாருங்கள்

நெட் போனதும் எல்லோருடைய கையும் போவது ரவுட்டரின் சுவிட்சுக்குத்தான். அணைத்துப் போட்டால் பெரும்பாலும் வந்தும் விடுகிறது. தொல்லையே அதுதான். எத்தனை நேரமாக ஓடிக்கொண்டிருந்தது, கடைசியாக எப்போது இணைப்பு அறுந்தது, அறுந்தபோது எந்த விளக்கு எந்த நிறத்தில் இருந்தது என்ற தடயம் அத்தனையும் அந்த ஒரு சுவிட்சோடு போய்விடும். பல ரவுட்டர்களில், நடந்ததை எழுதி வைக்கும் பதிவேடு (லாக்) தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும்; மின்சாரம் போனால் அதுவும் காலி. நாளைக்கு மறுபடி நெட் போகும்போது நீங்கள் முதல் படியில்தான் நிற்பீர்கள்.

அடியோடு செத்துப்போன நெட்டைச் சரிசெய்வது சுலபம், எங்கே அறுந்தது என்று தேடினால் கிடைத்துவிடும். விட்டு விட்டுப் போவதுதான் ஆளைக் கொல்லும். பழுது பார்க்க ஆள் வரும்போது ஒழுங்காக ஓடும், அவர் படியிறங்கியதும் போகும். அதனால் போகும் அந்த நேரத்திலேயே பார்த்துக் குறித்துக்கொள்வதுதான் பாதி வேலை. கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அதற்குப் போய், மேலிருந்து கீழாகப் பாருங்கள். காசு செலவில்லாதது முதலிலும் செலவு வைப்பது கடைசியிலும் இருக்கும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: அறுவது எந்தத் துண்டு?

உங்கள் போனிலிருந்து வெளியுலகம் வரை மூன்று துண்டுகள். கருவியிலிருந்து ரவுட்டர் வரை ஒன்று. ரவுட்டரிலிருந்து மோடம் அல்லது ஃபைபர் பெட்டி வரை இன்னொன்று (பல வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும்). அங்கிருந்து நிறுவனம் வரை மூன்றாவது. எது அறுகிறது என்று தெரியாமல் எதைத் தொட்டாலும் குருட்டாம்போக்குத்தான்.

நெட் போன அந்த நேரத்தில், எதையும் அணைக்காமல்:

- பெட்டியின் விளக்குகளைப் போனில் படம் எடுங்கள். மின்னும் விளக்கு இருந்தால் பத்து விநாடி வீடியோ.
- வேறொரு கருவியிலும் போயிருக்கிறதா என்று பாருங்கள். போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது சத்தமில்லாமல் மொபைல் நெட்டுக்குத் தாவி உங்களை ஏமாற்றிவிடும்.
- கணினி இருந்தால் இரண்டு கமாண்ட் சாளரங்களைத் திறந்து பிங் ஓட விடுங்கள் (ping என்று அடித்து, இடம் விட்டு, முகவரி; அங்கிருந்து பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று காட்டும்). ஒன்று ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும். மற்றொன்று 8.8.8.8-க்கு, அது வெளியுலகில் இருக்கும் கூகுளின் சர்வர். விண்டோஸில் பிங் நான்கு முறையோடு நின்றுவிடும், முகவரிக்குப் பின் ஒரு இடம் விட்டு -t என்று சேர்த்தால் தொடர்ந்து ஓடும். மேக்கிலும் லினக்ஸிலும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

ரவுட்டரிடமிருந்தே பதில் நின்றுபோனால் கோளாறு வீட்டுக்குள்: வைஃபை, கேபிள், அல்லது ரவுட்டர் உறைந்துவிட்டது. ரவுட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் மோடமோ வெளி லைனோ. இரண்டும் சொல்கின்றன, ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. இரண்டும் சொல்கின்றன, ஆனால் 10 மில்லிவிநாடியில் வந்த பதில் 500, 800 என்று எகிறுகிறது என்றால் லைன் அறுபடவில்லை, நெரிசல்.

அடுத்து, நெட் திரும்ப வந்ததும் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து (அதே ரவுட்டர் முகவரியைப் பிரவுசரில் அடித்தால் வரும்) இரண்டு நேரங்களைப் பாருங்கள். ஒன்று பெட்டி எவ்வளவு நேரமாக ஓடுகிறது; மற்றொன்று இன்டர்நெட் இணைப்பு எவ்வளவு நேரமாக இருக்கிறது. பெட்டி ஓடும் நேரமே சில நிமிடங்கள்தான் என்றால் அது தானாக அணைந்து எழுந்திருக்கிறது: மின்சாரம் அல்லது சூடு. பெட்டி பல நாளாக ஓடுகிறது, இணைப்பு மட்டும் புதிது என்றால் லைன் அறுந்திருக்கிறது. இரண்டுமே பல நாள் என்றால் லைனில் குறையே இல்லை, வைஃபையையோ கருவியையோ பாருங்கள். இந்த ஒரு பக்கத்தைப் பார்க்காமல் புது ரவுட்டர் வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

## அறிகுறி 1: வீடு முழுக்க ஒரே நேரத்தில் போகிறது, சிறிது நேரத்தில் தானாக வருகிறது

### எல்லா விளக்கும் அணைந்து மறுபடி எரிகிறதா?

மின்சாரப் பிரச்சினை. முதலில் பிளக் சாக்கெட்டில் ஆடுகிறதா, ரவுட்டரின் பின்னால் செருகும் முனை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லேசாக அசைத்தால் விளக்கு சிமிட்டினால் கண்டுபிடித்துவிட்டீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியை விட்டுவிட்டு ஒருநாள் நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள்.

அடுத்த சந்தேகம் அடாப்டர் மேல். ரவுட்டரை விட அடாப்டர்தான் பல சமயம் முதலில் சாகிறது, ஆனால் பழி ரவுட்டருக்குப் போகிறது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் வயதாகி வலுவிழந்தால், சும்மா இருக்கும்போது சரியாக இருக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கத் தொடங்கியதும் வோல்ட் தாழ்ந்து ரவுட்டர் விழுந்து எழும். மல்ட்டிமீட்டர் வைத்துப் பார்த்து 12 வோல்ட் வருகிறது என்று விட்டுவிடாதீர்கள், சுமை இல்லாதபோது கெட்ட அடாப்டரும் 12 காட்டும். சரியான சோதனை, வேறொரு அடாப்டரை மாற்றிப் போட்டு இரண்டு நாள் ஓட்டுவது. வோல்ட் அதே எண்ணாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் அளவும், நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற படமும் பொருந்த வேண்டும். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் அடாப்டர் செருகினால் அத்தோடு கதை முடியலாம்.

மின்சாரம் போய் வரும் இடங்களில் ரவுட்டருக்கென்று சிறிய யுபிஎஸ் வைத்திருப்பார்கள். அதன் பேட்டரி செத்திருந்தால் அதுவே காரணமாகிவிடும். அதை விலக்கிவிட்டு நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள்.

சூடு? கையை மேலே வையுங்கள். வெதுவெதுப்பு சகஜம், கை வைக்க முடியாத சூடு சகஜமில்லை. மூடிய அலமாரி, டிவிக்குப் பின்புறம், செட்டாப் பெட்டிக்கு மேல் ஆகிய மூன்றும்தான் வழக்கமான குற்றவாளிகள். தூசி படாமல் இருக்கட்டும் என்று துணி போர்த்தி வைப்பவர்களும் உண்டு. காற்றுத் துளைகளைத் திறந்துவிட்டு, சுவரில் மாட்டியோ நிமிர்த்தியோ வைத்தால் பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடாப்டர் மாற்றியும் குளிர்ந்த இடத்தில் வைத்தும் தானே அணைந்து எழுந்தால் பெட்டி போய்விட்டது. மாற்ற வேண்டியதுதான். நிறுவனம் கொடுத்த பெட்டி என்றால் அவர்களைக் கேளுங்கள், நீங்களாக வாங்காதீர்கள்.

### பெட்டி ஓடுகிறது, ஆனால் 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பாக மின்னுகிறதா?

இது ஃபைபர் வீடுகளுக்கு. அந்தச் சிவப்பு விளக்குக்கு ஒரே பொருள்: ஒளி வந்து சேரவில்லை. ரவுட்டர் அமைப்பில் நீங்கள் எதை மாற்றினாலும் இது சரியாகாது. அதன் பக்கத்தில் இருக்கும் 'பான்' (PON) விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால், ஒளி ஓரளவு வருகிறது, ஆனால் நிறுவனத்தின் கருவியோடு பதிவாக முடியவில்லை என்று பொருள்.

வீட்டுக்குள் நீங்கள் பார்க்கக்கூடியது அந்த மெல்லிய ஃபைபர் கம்பியை மட்டும். சுவரில் நுழையும் இடத்திலிருந்து பெட்டி வரை விரலால் தொடர்ந்து போங்கள். அலமாரிக் கால் ஏறியிருக்கிறதா, கதவிடுக்கில் நசுங்குகிறதா, மூலையில் சட்டென்று மடங்கியிருக்கிறதா, டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறதா? வளைவு ஏறக்குறைய 6 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்கும் இறுக்கமாக இருந்தால் ஒளி வளைவிலேயே வெளியே கசியும். அறையைப் பெருக்கும்போதும் கட்டிலை நகர்த்தும்போதும் நெட் போகிறது என்றால் காரணம் இங்கேதான். மீதமிருக்கும் கம்பியைப் பெரிய வளையமாகச் சுற்றித் தளர்வாக விடுங்கள்.

பெட்டியில் செருகியிருக்கும் முனை முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று மெல்ல அழுத்திப் பாருங்கள். கழற்ற வேண்டாம் என்பது என் கட்சி. கழற்றினால் முனையில் விரல் படக் கூடாது, ஊதக் கூடாது, ஒரு தூசித் துகள் போதும் சிக்னலைத் தின்ன. முக்கியமாக, முனைக்குள் எட்டிப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர். ஒன்றும் தெரியவில்லையே என்று அருகில் கொண்டு போய்ப் பார்ப்பவர்கள்தான் ஆபத்தில் இருக்கிறார்கள். பச்சை முனை பச்சைத் துளைக்கு, நீல முனை நீலத் துளைக்கு. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் முகம் வெட்டியிருக்கும் கோணம் வேறு, சிக்னல் பாழாகும்.

நிர்வாகப் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' (Rx Power) என்று ஒரு எண் இருக்கும், மைனஸ் குறியோடு. வந்து சேரும் ஒளியின் வலு அது. வழக்கமான வீட்டு ஃபைபரில் −8 முதல் −27 டிபிஎம் வரை பெட்டியால் படிக்க முடியும். −15 முதல் −24 வரை இருந்தால் நிம்மதி. −27-ஐ நெருங்கினால் விட்டு விட்டு வரும். ஒவ்வொரு 3 குறைவுக்கும் ஒளி பாதியாகிறது, அதனால் −20-க்கும் −26-க்கும் இடையே நான்கில் மூன்று பங்கு காணாமல் போயிருக்கிறது. நெட் நன்றாக ஓடும் நாளில் இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கெட்ட நாளில் ஒப்பிட அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

வீட்டுக்குள் கம்பி சரியாக இருந்தும் சிவப்பு மின்னினால் உங்கள் வேலை முடிந்தது. ஃபைபரை ஒட்டுவதற்கு வேறு கருவிகள் வேண்டும். டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

### டெலிபோன் கம்பி வழி வரும் நெட்டா?

போன் மணி அடிக்கும்போது நெட் போகிறது என்றால், பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் சிறிய ஃபில்டர் இல்லை, அல்லது கெட்டுவிட்டது. வீட்டில் ஒவ்வொரு போனுக்கும் ஒன்று வேண்டும். படுக்கையறையில் மறந்துபோன பழைய போன் ஒன்றும் இதில் சேரும். எல்லாப் போன்களையும் கழற்றிவிட்டு, கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் சாக்கெட்டில் மோடத்தை நேராகச் செருகி ஒருநாள் ஓட்டுங்கள். நின்று ஓடினால் குறை உங்கள் வீட்டு வயரிங்கில். அப்போதும் போனால் வெளியே. மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் 'எஸ்என்ஆர் மார்ஜின்' (SNR margin, இரைச்சலைத் தாண்டிச் சிக்னலுக்கு மிஞ்சும் இடைவெளி) 6 டெசிபெலுக்குக் கீழே இறங்கினால் லைன் நிற்காது. போனை எடுத்துக் கேட்டால் கரகரப்பு இருக்கிறதா? அதைச் சொல்லியே புகார் கொடுங்கள்.

### கேபிள் டிவி வயர் வழி வரும் நெட்டா?

திருகு முனைகளைக் கையால் இறுக்குங்கள். இடையில் ஒரு வயரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இருந்தால் கழற்றி மோடத்துக்கு நேராகக் கொடுங்கள். பயன்படாத கிளைகளோடு சும்மா தொங்கும் ஸ்பிளிட்டர்தான் பெரும்பாலும் வில்லன். மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் டவுன்ஸ்ட்ரீம் பவர், அதாவது உள்ளே வரும் சிக்னலின் வலு, −7 முதல் +7 வரை இருந்தால் நல்லது. பதிவேட்டில் டி3, டி4 (T3, T4) டைம்அவுட், அதாவது மோடத்துக்கு மறுமுனையிலிருந்து பதில் வராத குறிப்புகள், வரிசையாக இருந்தால் ஆளை அழையுங்கள்.

### லைன் விளக்கு சரி, 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் அணைந்தோ சிவந்தோ இருக்கிறதா?

ஒளியோ மின்குறியோ வருகிறது; உள்ளே நுழைய அனுமதி கிடைக்கவில்லை. முதலில் பில், பிளான் முடிவுத் தேதி, டேட்டா வரம்பு. சொல்லச் சங்கடமாக இருந்தாலும் இதுதான் அடிக்கடி காரணம்.

யூசர்நேம், பாஸ்வேர்ட் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பு என்றால், அமைப்பில் 'தேவைப்படும்போது இணை' என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். சிறிது நேரம் யாரும் பயன்படுத்தாவிட்டால் ரவுட்டரே அறுத்துக்கொள்ளும். 'எப்போதும் இணைப்பில்' என்று மாற்றுங்கள். இன்னொன்று: திடீரென்று அறுந்தால் மறுமுனையில் பழைய செஷன் உயிரோடு இருப்பதாகவே நினைத்துக்கொண்டு புதிதாக வருவதை மறுக்கும். இங்கே பொறுமையில்லாமல் அணைத்து அணைத்துப் போட்டால் சிக்கல் நீளும். ஐந்து பத்து நிமிடம் அணைத்து வைத்துவிட்டு ஒரே ஒரு தடவை போடுங்கள்.

கடிகாரம் வைத்ததுபோல் சரியாக 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அறுகிறது என்றால் அது பழுதே அல்ல, நிறுவனம் வைத்த விதியாக இருக்கலாம். ரவுட்டரில் அதிகாலை நேரத்துக்குத் தானியங்கி மறுதொடக்கம் வைத்துவிட்டால், அறுப்பும் அந்த நேரத்துக்கு நகர்ந்துவிடும்.

## அறிகுறி 2: வைஃபையில் மட்டும் போகிறது, கேபிள் செருகினால் ஒழுங்காக ஓடுகிறது

லைனைக் குறை சொல்லி வரும் புகார்களில் பெரும்பகுதி உண்மையில் இதுதான். எனவே கணினியை லேன் கேபிளால் ரவுட்டரில் நேராகச் செருகிப் பார்க்காமல் நிறுவனத்துக்குப் போன் செய்யாதீர்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

### தூரத்து அறையில் மட்டுமா?

வைஃபை அளவுகாட்டும் செயலி ஒன்றைப் போனில் போட்டு அந்த அறையில் நில்லுங்கள். அது காட்டும் சிக்னல் எண் −50 என்றால் அருமை. −67 வரை வீடியோ காலுக்குத் தாங்கும். −75-ஐத் தாண்டினால் சுவரோடு சண்டை போடுகிறீர்கள். முதலில் செலவில்லாத வேலை: ரவுட்டரைத் தரையிலிருந்தும், மூலையிலிருந்தும், இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன்தொட்டி இவற்றின் பின்னாலிருந்தும் எடுத்து, உயரமான திறந்த இடத்தில் வையுங்கள். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில், தூரத்துக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ், அருகில் வேகத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸ்.

வைஃபையை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்குபவர்கள் எல்லோரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. சிக்னல் இல்லாத அறையிலேயே கொண்டு போய் அதைச் செருகுவது. அதற்கே சிக்னல் இல்லை, உங்களுக்கு எதைக் கொடுக்கும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வையுங்கள். வாங்கவும் பேசவும் ஒரே ரேடியோவைப் பயன்படுத்தும் ரிப்பீட்டர் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகும், அதைத் தவிர்க்க முடியாது. சுவரில் ஒரு கேபிள் இழுத்து அந்த அறையில் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வருவதை வைஃபையாகக் கொடுக்கும் பெட்டி) வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. ஒருநாள் துளை போடும் தொல்லையோடு தீர்ந்துவிடும்.

### பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் போகிறதா?

2.4-இல் இருக்கிறீர்கள் என்றால் அண்டை வீட்டு ரவுட்டர்களோடு நெருக்கடி. இந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. 3, 4 என்று நடுவில் இடம் பிடித்தால் இரண்டு பக்கத்துக் கூச்சலும் உங்களுக்குத்தான். செயலியில் எது காலியோ அதைக் கையால் தேர்ந்தெடுங்கள், சேனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் நேரத்தில் மட்டும் போனால் சொல்லவே வேண்டாம், அதுவும் இதே அலைவரிசைதான். அதிகம் பேருக்குத் தெரியாதது: யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கும் அதன் வயரும் 2.4-இல் இரைச்சல் கிளப்பும். ரவுட்டரின் முதுகில் டிஸ்க் செருகியிருந்தால் கழற்றிப் பாருங்கள்.

5 கிகாஹெர்ட்ஸ் பெயரே திடீரென்று பட்டியலிலிருந்து மறைந்து, ஓரிரு நிமிடத்தில் திரும்ப வருகிறதா? அது ரேடார் சமாச்சாரம். 52 முதல் 144 வரையிலான சேனல்களைப் பல நாடுகளில் வானிலை, விமான ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் உடனே சேனலைக் காலிசெய்ய வேண்டும் என்பது விதி. இன்னொரு ரேடார் சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் காதுகொடுத்துக் கேட்ட பிறகே பேச முடியும். 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள், அத்தோடு நிற்கும். ரவுட்டர் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டியவர்களை இந்த ஒரு மாற்றம் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

### அறைக்கு அறை நடக்கும்போது அறுகிறதா?

2.4-க்கும் 5-க்கும் ஒரே பெயர் வைத்து, கருவியை ரவுட்டரே அங்குமிங்கும் தள்ளும் வசதி சில கருவிகளுக்கு ஒத்துவராது. சோதனைக்காக இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். பழைய கருவிகள் அடிக்கடி பாஸ்வேர்ட் கேட்டால் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 மட்டும் என்று மாற்றிப் பாருங்கள். டபிள்யூபிஏ3 கலந்த முறை சில பழைய கருவிகளைக் குழப்புகிறது.

## அறிகுறி 3: ஒரே ஒரு கருவியில் மட்டும்

ரவுட்டர் பக்கம் போகவே வேண்டாம். அந்தக் கருவியில் நெட்வொர்க்கை மறக்கச் சொல்லி மறுபடி இணையுங்கள். விபிஎன் இருந்தால் அணையுங்கள். மடிக்கணினி என்றால் வைஃபை அடாப்டரின் மின்சேமிப்புத் தேர்வை எடுத்துவிடுங்கள். சார்ஜரில் இருக்கும்போது ஒழுங்காகவும் பேட்டரியில் ஓடும்போது அறுந்தும் வந்தால் இதுவேதான். பிறகு டிரைவர் புதுப்பிப்பு.

கருவியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். பிரிண்டருக்கோ கேமராவுக்கோ யாராவது கையால் நிலையான முகவரி கொடுத்து, அதே முகவரியை ரவுட்டர் வேறொருவருக்குக் கொடுத்தால், இரண்டும் மாறி மாறி ஒன்றையொன்று தள்ளிவிடும். கையால் கொடுத்ததை எடுத்துவிட்டு, ரவுட்டரிலேயே அந்த முகவரியை ஒதுக்குங்கள்.

## அறிகுறி 4: 'இணைந்துள்ளது, இன்டர்நெட் இல்லை' என்று காட்டுகிறது

8.8.8.8 பதில் சொல்கிறதா? அப்படியானால் டிஎன்எஸ். ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1, 8.8.8.8 என்று மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

பதில் இல்லை, ஆனால் நீங்கள் சமீபத்தில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றைச் சேர்த்திருக்கிறீர்கள் என்றால் அங்கே பாருங்கள். நிறுவனத்தின் பெட்டியும் உங்கள் ரவுட்டரும் இரண்டுமே 192.168.1.1 என்றால் போகும் வழி எது என்று யாருக்கும் தெரியாது. உங்களுடையதை 192.168.50.1 போல வேறொன்றாக்குங்கள், அல்லது ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றுங்கள். பழைய ரவுட்டரை லேன் துளையில் செருகி வைஃபைக்காக மட்டும் பயன்படுத்தினால் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் அதன் டிஹெச்சிபியைக் (DHCP) கட்டாயம் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பேர் முகவரி கொடுப்பார்கள். பாதிக் கருவிகள் ஓடும், பாதி ஓடாது, எந்தப் பாதி என்பது தினமும் மாறும்.

வீடு முழுக்க சட்டென்று உறைந்து, நெட்வொர்க் சுவிட்சின் (பல கேபிள்கள் செருகும் பெட்டி) எல்லா விளக்குகளும் வெறிபிடித்ததுபோல் ஒன்றாக மின்னினால், யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகியிருக்கிறார்கள். உருவிவிடுங்கள்.

## அறிகுறி 5: சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன

பிபிபிஓஇ இணைப்பில் எம்டியு (MTU, ஒரு தடவையில் அனுப்பும் தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1500 என்று இருந்தால் இப்படி ஆகலாம். ஒவ்வொரு பொட்டலத்திலும் பிபிபிஓஇ-யின் தலைப்பே 8 பைட் தின்றுவிடும். 1492 என்று வையுங்கள். அதோடு தீராவிட்டால் ஐபிவி6-ஐத் (IPv6, புதிய வகை முகவரி முறை) தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் சரியானால் நிறுவனத்திடம் சொல்லுங்கள், அவர்கள் பக்கத்துக் கோளாறு அது.

## அறிகுறி 6: குறிப்பிட்ட நேரத்திலோ வானிலையிலோ

மாலையானால் மெதுவாகி, நள்ளிரவுக்குப் பின் பறக்கிறதா? கேபிள் செருகியும் அப்படியே என்றால் நிறுவனத்தின் நெரிசல். நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. ஒரு வாரம் தினமும் காலை, மாலை வேகத்தை எடுத்துத் தேதியோடு காட்டுங்கள், அல்லது நிறுவனத்தை மாற்றுங்கள்.

மழையில் மட்டும் போகிறது என்றால் வெளியே எங்கோ இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர். செப்புக் கம்பியில் இது அதிகம். வெயில் வந்ததும் காய்ந்து சரியாகிவிடும், புகாரும் மூடப்பட்டுவிடும். ஈரம் இருக்கும்போதே ஆளை வரவழைப்பதுதான் தந்திரம்.

இடி மின்னலுக்குப் பிறகு தொடங்கியது என்றால் ரவுட்டரின் ஒரு துளை மட்டும் கருகியிருக்கலாம். கேபிளை வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். வெளி லைன் நுழையும் வேன் (WAN) துளையே போயிருந்தால் பெட்டியை மாற்ற வேண்டும்.

## அறிகுறி 7: மற்றதெல்லாம் ஓடுகிறது, வீடியோ கால் மட்டும் உடைகிறது

பேசிக்கொண்டிருக்கும்போது பிங் ஓடவிட்டுப் பாருங்கள். எண்கள் நூற்றுக்கணக்கில் ஏறினால் அப்லோடு நிரம்பிவிட்டது. போனில் எடுத்த படங்கள் கிளவுட் சேமிப்புக்கு ஏறிக்கொண்டிருக்கும், அல்லது கண்காணிப்புக் கேமரா இடைவிடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். அவற்றை இரவு நேரத்துக்குத் தள்ளுங்கள். ரவுட்டரில் நெரிசலை அடக்கும் க்யூஓஎஸ் (QoS) அல்லது எஸ்க்யூஎம் (SQM) வசதி இருந்தால், அப்லோடு வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதத்துக்குக் கீழே வையுங்கள். டவுன்லோடு எண்ணைப் பார்த்துப் பெரிய பிளானுக்கு மாறினாலும் அப்லோடு கூடாவிட்டால் கால் உடைந்துகொண்டேதான் இருக்கும்.

## அறிகுறி 8: பெரிய பிளான், ஆனால் கேபிளிலும் வேகம் 94 மெகாபிட்டைத் தாண்டுவதில்லை

கேபிளை மாற்றுங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடும். புதுக் கேபிளிலும் அதே என்றால், ரவுட்டரின் துளையே 100 மெகாபிட் வகையா என்று பாருங்கள்.

## ஊசித்துளை ரீசெட்: கடைசிக்கும் கடைசி

அணைத்துப் போடுவது வேறு, ஊசியால் குத்தி ரீசெட் செய்வது வேறு. இரண்டாவது, பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்ட், இணைப்புக்காக நிறுவனம் கொடுத்த விலேன் (VLAN) எண், எல்லாம் போகும். அவற்றை எழுதி வைக்காமல் குத்தினால், விட்டு விட்டு வந்த நெட் அடியோடு நின்றுபோகும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மாலையில். அமைப்பைக் கோப்பாகச் சேமிக்கும் வசதி இருந்தால் முதலில் சேமியுங்கள். நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியைக் குத்தவே குத்தாதீர்கள், அவர்கள் தொலைவிலிருந்து போட்ட அமைப்பு அதில் இருக்கலாம்.

ரீசெட்டுக்கு முன் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். புதுப்பிக்கும்போது கேபிள் வழியாகச் செய்யுங்கள், மின்சாரம் போகாத நேரமாகப் பாருங்கள்.

## ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

ஃபைபர் பெட்டியில் சிவப்பு; ஆர்எக்ஸ் பவர் முன்பிருந்ததை விட 3-க்கு மேல் இறங்கியிருப்பது; முதல் சாக்கெட்டில் நேராகச் செருகியும் அறுவது; வெளியே கம்பி தொங்குவது அல்லது வெட்டுப்பட்டிருப்பது. இவற்றில் எதையும் நீங்கள் சரிசெய்ய முடியாது, முயலவும் வேண்டாம். கம்பத்திலோ மொட்டைமாடிப் பெட்டியிலோ கை வைக்காதீர்கள், பக்கத்தில் மின்கம்பி ஓடும்.

போனில் 'நெட் அடிக்கடி போகுது' என்று மட்டும் சொன்னால், அணைத்துப் போடுங்கள் என்பதுதான் பதிலாக வரும். மாறாக இப்படிச் சொல்லுங்கள்: 'கேபிள் செருகித்தான் சோதித்தேன். ரவுட்டர் பிங் வருகிறது, 8.8.8.8 நின்றுவிடுகிறது. நேற்று மாலை 7.10, 8.45, இன்று காலை 6.30. பெட்டி அணையவில்லை, இணைப்பு மட்டும் அறுகிறது. ஆர்எக்ஸ் பவர் −20 இருந்தது, இப்போது −26.' எதிர்முனையில் இருப்பவரின் குரலே மாறும். அணைத்துப் போடச் சொல்லும் படியைத் தாண்டி நேராக ஆள் அனுப்புவதற்கு வழி பிறக்கும்.

ஆள் வந்து சரிசெய்துவிட்டுக் கிளம்பும்போது, அவர் கையிலிருக்கும் மீட்டர் காட்டும் எண்ணைக் கேட்டு வாங்கி, தேதியோடு பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். கூடவே பிபிபிஓஇ யூசர்நேமையும் கேட்டுக்கொள்ளுங்கள்.